நட்டு ஒன்றரை மாதமான ஜாதிக்காய் ஒட்டுக் கன்று இலை கருகி உதிர்கிறது, தினமும் தண்ணீர் விட்டும் தேறவில்லை. பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஆனால் "தினமும் தண்ணீர் விட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "தினமும்"தான் எனக்கு இடிக்கிறது.

எங்களுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. வேர் வாடல் நோய் வந்து சில மரங்களை வெட்டினோம், சரி, மிச்சத் தென்னைக்கு நடுவே ஜாதிக்காய் வைக்கலாம் என்று 12 ஒட்டுக் கன்று வாங்கிவந்து வைகாசிக் கடைசியில் நட்டேன். (ஒட்டுக் கன்று என்றால் பெண் மரத்துக் குச்சியை வேறொரு செடியில் ஒட்டினது. விதைக் கன்று மலிவுதான், ஆனால் ஆண் மரமா பெண் மரமா என்பது பல வருடம் வளர்த்துப் பூ வந்த பிறகுதான் தெரியும். அந்தச் சூதாட்டத்துக்கு நான் வரவில்லை.) நிழலில் வைத்த பத்தும் பிடித்துக்கொண்டன. தென்னை வெட்டின வெட்டவெளியில் வைத்த இரண்டுக்குத்தான் கேடு. ஆடி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்ததும் இலை ஓரமெல்லாம் பழுப்பாகிக் காய்ந்தது.

காய்கிறதே, தண்ணீர் போதவில்லை என்று நினைத்துச் சொட்டுநீர் போதாமல் குடத்திலும் கொண்டுபோய் ஊற்றினேன். அப்புறம் யூடியூபில் யாரோ சொன்னார் என்று ஒரு கை யூரியா. காய்ந்த இலை போக நல்ல இலையும் மஞ்சளாகி உதிர்ந்தது. அப்பாரு வந்து பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, செடி வளர்க்கறயா, மீன் வளர்க்கறயா?" என்றார். கோபம் வந்தாலும் குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். அரை அடிக்குக் கீழே சேறு, அழுகின நாற்றம் வேறு. எங்களுடையது களி மண், அதில் குழி எடுத்து எருவும் மணலும் நிரப்பினால் அது ஒரு தொட்டி மாதிரிதான், சுற்றுமுள்ள களி தண்ணீரை வெளியே விடாது. வேர் மூச்சு முட்டினாலும் இலை வாடும், தாகத்தில் இருந்தாலும் வாடும், மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

தண்ணீரை நிறுத்தி, குழியிலிருந்து சின்ன வடிகால் வெட்டிவிட்டேன். மேற்கே இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, பின்னின தென்னந்தடுக்கு கட்டினேன், அது மாலை வெயிலுக்கும் காற்றுக்கும் சேர்த்து மறைப்பு. காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டேன், தண்டில் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி. மண் விரலுக்குக் காய்ந்த பிறகுதான் மறுபடி தண்ணீர். உரம் எதுவும் கிடையாது, புதுத் துளிர் வந்து முற்றுகிற வரைக்கும் பொட்டு உரம் வைக்கவில்லை.

புரட்டாசியில் இரண்டுமே துளிர்த்தன. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பினேன். அதில் ஒன்று ஒட்டுக்குக் கீழேயிருந்து, அதாவது வேர்ச்செடியிலிருந்து வந்த துளிர் என்பதை என் மச்சான்தான் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். மேலே ஒட்டின குச்சி எப்போதோ செத்துவிட்டது, நான் அத்தனை நாளும் காட்டுச் செடியைக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், துளிர் வந்தால் எங்கேயிருந்து என்று குனிந்து பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் உடனே கிள்ளிவிடுங்கள்.

உடனே "மணல் பாங்கான மண்ணில் தண்ணீர் விடாமல் இருந்தால் செத்துப்போகும்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், உண்மைதான், அதனால்தான் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். நான் விவசாயக் கல்லூரி படித்தவனும் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு ஏன் ஜாதிக்காய் என்று கேட்பவர்களுக்கு: அதையாவது பருப்பும் பத்திரியும் (கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்பு உறை) காயவைத்து எடை போட்டு விற்கலாம். தேங்காய் விற்றுப் பாருங்கள், எண்ணிக்கைக்கு மேல் "லாபக்காய்" என்று வியாபாரி சும்மா எடுத்துக்கொண்டு போவார். என்ன லாபம், யாருக்கு லாபம்? கேட்டால் "காலங்காலமா இருக்கறதுதானுங்க" என்பார். மரத்தில் வெள்ளை ஈ, வேரில் வாடல், மிச்சத்தில் லாபக்காய். சரி விடுங்கள், அதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் கன்றில் ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிகிறதா? நடும்போது பாலித்தீன் கவரை முழுதாகக் கிழித்து எடுத்தீர்களா, இல்லை ஆள் விட்டு நட்டீர்களா? பார்த்துச் சொல்லுங்கள்.