பை செய்யும் கைக்கு மணிக்கு எவ்வளவு?

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எனக்கு வயது 29. வெள்ளவத்தையில் அம்மாவுடனும் படித்துக்கொண்டிருக்கும் தம்பியுடனும் வசிக்கிறேன். ஏறக்குறைய நாற்பது பேர் பணிபுரியும் தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் 4 ஆண்டுகளும் 7 மாதங்களுமாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 145,000 ரூபா. கடந்த 14 மாதங்களாக வார இறுதிகளில் அலங்கார பை செய்து விற்கிறேன். மேல் மாவில் தாமரை, கோபுரம், கோலம் முதலியவற்றைக் கையாலேயே வெட்டி அமைப்பதால் மாதம் ஏழு ஓடர்கள் வருகின்றன. ஒன்றை 9,000 ரூபாவுக்குக் கொடுக்கிறேன். பொருட்செலவு 3,600 ரூபா, செய்ய ஏழு மணிநேரம் ஆகிறது. மாதம் முப்பது செய்தால் 162,000 ரூபா மிஞ்சும் என்பதால் அடுத்த மாதமே வேலையை விட எண்ணுகிறேன். 9 இலட்சம் ரூபா நிலையான வைப்பில் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 90,000 ரூபா கொடுக்கிறேன். முன்கூட்டியே எடுத்துவிட்ட சீட்டொன்றுக்கு இன்னும் 8 மாதம் 25,000 ரூபா வீதம் கட்டவேண்டும். பெரிய ஓவனுக்கும் குளிரூட்டிய அறைக்கும் 7 இலட்சம் தேவைப்படுகிறது. அம்மாவின் நகைகளை அடகு வைக்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: கடிதத்தின் முதல் வரிகளை வாசித்தபோது கைப்பை தைக்கும் தொழில் என்றே எண்ணிவிட்டேன், நீங்கள் இணைத்திருந்த படத்தைக் கண்ட பிறகுதான் இது மாவுக்குள் பழம் வைத்து ஓவனில் வேகவைக்கும் ‘பை’ (pie) என்ற விடயம் விளங்கியது. அந்தத் தாமரை பையை நெடுநேரம் பார்த்தேன். எண்ணிப் பார்த்தால் 42 இதழ்கள். ஒவ்வோர் இதழிலும் கத்தி முனையால் இழுத்த ஐந்தாறு நரம்புகள். ஓரத்தில் முட்டைக் கலவை தடித்துவிடாமல் மெல்லிய தூரிகையால் பூசிய பொன்னிறம். இந்த வேலையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் அதைக் குறைத்து மதிப்பிட்டிருப்பவர் நீங்களே என்பதை உங்கள் கணக்கு காட்டுகிறது.

ஒரு பைக்கு 5,400 ரூபா மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகைக்குள் பெட்டியும் அடித்தட்டும் வரவில்லை. மின்சாரமும் எரிவாயுவும் வரவில்லை. வேகும்போது வடிவம் சரிந்து, வெளியே கொடுக்க முடியாமல் வீட்டிலேயே தின்று தீர்க்கப்படும் பைகளின் இழப்பும் வரவில்லை. இவற்றுக்கு அடக்கமாக 1,200 ரூபா ஒதுக்கினால் கையில் நிற்பது 4,200 ரூபா. இனி நேரத்தைப் பாருங்கள். செய்வதற்கு ஏழு மணிநேரம் என்கிறீர்கள். அதற்கு முன் வட்ஸ்அப்பில் வாடிக்கையாளரோடு பேசுவது, மாதிரி வரைவது, பட்டரும் பழமும் வாங்கச் சந்தைக்குப் போய்வருவது ஆகியவற்றுக்கு இரண்டு மணிநேரமாவது போகும். ஒன்பது மணிநேரத்துக்கு 4,200 ரூபா என்றால் மணிக்கு ஏறத்தாழ 467 ரூபா.

அலுவலகம் உங்களுக்கு என்ன தருகிறது? சம்பளம் முழுவதும் நிதிகளுக்குக் கணக்கெடுக்கப்படுகிறது என்று கொண்டால், 145,000 ரூபாவுக்கு மேலாக ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் கட்டுகிறது. ஆக மாதம் 166,750 ரூபா. மாதத்துக்கு 180 மணிநேரம் வேலை என்று வைத்தால் மணிக்கு 926 ரூபா, அதாவது பை தருவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முப்பது பை செய்வதற்கு 270 மணிநேரம் தேவை. போயா நாளும் ஞாயிறும் இல்லாமல் தினமும் ஒன்பது மணிநேரம் உழைத்தால் கிடைப்பது 126,000 ரூபா. உங்கள் கனவில் இருந்த 162,000 அங்கே இல்லை.

ஆகவே முதலில் மாற்றவேண்டியது வேலையை அல்ல, விலையை. மாதம் 180 மணிநேரத்தில் இருபது பை செய்து இன்றைய வருமானத்தை எட்டவேண்டுமானால், ஒன்றின் விலை 13,137 ரூபாவாக இருக்கவேண்டும். 13,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் ஓடிவிடுவார்களே என்று அஞ்சுவீர்கள். சிலர் போவார்கள்தான். ஆனால் இப்போதுள்ள ஏழு பேரில் நால்வர் மட்டும் நின்றாலும் உங்களுக்கு 34,800 ரூபா கிடைக்கும். ஏழு பைக்கு இன்று கிடைப்பதோ 29,400. மூன்று பை செய்யும் 27 மணிநேரமும் மிஞ்சும். சம்பளம் ஒழுங்காக வரும் இக்காலத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். வேலையை விட்ட பிறகு விலையை உயர்த்தும் துணிவு எவருக்கும் எளிதில் வருவதில்லை.

இந்தக் கலையில் உலகளவில் பேர் பெற்றவர்களின் வருமானமும் பெரும்பாலும் பையை விற்று வருவதன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த லோரன் கோ, 2017 இல் இன்ஸ்டகிராமில் தம் வடிவியல் பைகளைப் பதிவிடத் தொடங்கி 2020 இல் நூலொன்றை வெளியிட்டார்; நூல், வகுப்பு, வணிகப் பெயர்களோடு இணைந்து செய்யும் பணி என்பவையே இத்துறையில் நிலைத்தவர்களின் வழிகள். கொழும்பில் நூலுக்கும் விளம்பரத்துக்கும் காலம் பிடிக்கலாம், வகுப்புக்குப் பிடிக்காது. ஆறு பேருக்கு மூன்று மணிநேர வகுப்பொன்றை, ஆளுக்கு 6,000 ரூபா கட்டணத்தில், ஆளுக்கு 1,200 ரூபா பொருட்செலவில் நடத்தினால் 28,800 ரூபா மிஞ்சும். ஆயத்தத்தையும் சேர்த்து ஆறு மணிநேர வேலை. மாதம் பன்னிரண்டு பையும் இரண்டு வகுப்பும் என்றால் என்ன வரும் என்று கூட்டிப் பார்த்தேன்: 104,400 உடன் 57,600 சேர்ந்து சரியாக 162,000 ரூபா! நீங்கள் 270 மணிநேரத்தில் தேடிய தொகை 120 மணிநேரத்தில் வருகிறது.

எனினும் அடுத்த மாதம் விலகல் கடிதம் கொடுக்கவேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் இறுதியாகப் பெற்ற சம்பளத்தின் அரை மாதத் தொகை கிடைக்கவேண்டும். உங்களுக்கு அது 362,500 ரூபா. ஐந்து மாதம் பொறுத்தால் உங்களுடையது. அடுத்த மாதமே விலகினால் சட்டப்படி ஒரு சதமும் கேட்க முடியாது. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் இதைக் கவனிக்காதது எனக்கு வியப்புத்தான், ஆனால் மற்றவர் கணக்கைப் பார்ப்பவர்கள் தம் கணக்கைப் பார்ப்பது குறைவு என்பதை என் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன். நியமனக் கடிதத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். விலகல் அறிவித்தல் காலம் முடியும் கடைசி வேலை நாள், ஐந்து ஆண்டு நிறைந்த பிறகே வரும்படி கடிதத்தைக் கொடுங்கள். சேமலாப நிதியைத் தொடக்க முதலாக எண்ணவேண்டாம். பெண்களுக்கு அது 50 வயதில் கிடைப்பது, சொந்தத் தொழில் தொடங்குவது அதை முன்கூட்டி மீளப்பெறுவதற்கான காரணமாகாது.

காத்திருக்கும் ஐந்து மாதத்தில் சீட்டில் ஐந்து தவணை கழிந்து 75,000 ரூபா மட்டுமே மீதியிருக்கும். உங்கள் 9 இலட்சத்தில் வீட்டுச் செலவுக்கு ஆறு மாதத் தொகையான 540,000 ரூபாவைத் தொடாமல் வையுங்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம்வரை நீண்டதையும் எரிவாயு வரிசைகளையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் கேக் செய்துவந்த, எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த வாரத்தில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த பட்டர் முழுவதையும் இழந்தார். அவரிடம் இத்தகைய கையிருப்பு இல்லாததால் அடுத்த மாதமே தொழிலை நிறுத்தினார்.

குளிரூட்டிய அறை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பை மாவில் பட்டர் உருகாமல் துண்டு துண்டாகக் கிடந்தால்தான் அடுக்கடுக்காகப் பொரியும். கொழும்பின் புழுக்கத்தில் பகல் பதினொரு மணிக்கு மாவை உருட்டினால் பட்டர் வியர்த்து, நரம்பு கீறிய இதழ் கைரேகையோடு குழைந்துவிடும். ஆனால் அறைக்குமுன் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். அதிகாலை நான்கு மணிக்கு மாவு வேலையை முடித்து, வெட்டிய இதழ்களை உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டால், பெரிய ஓவனை மட்டும் முதலில் வாங்கினால் போதும் என்றே நினைக்கிறேன்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் ஏற்கெனவே வரிக்குரியவர். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் விடுவிப்பும், அடுத்த 10 இலட்சத்துக்கு 6 சதவீதமும் நடைமுறையில் உள்ளன. சம்பளம் 1,740,000, மாதம் ஏழு பை வீதம் ஆண்டு இலாபம் 352,800. வைப்பு வட்டியைச் சேர்க்காமலே 292,800 ரூபா விடுவிப்பைத் தாண்டுகிறது, வரி 17,568 ரூபா. பெரிய தொகையன்று, நவம்பர் 30 க்குள் விவரத்திரட்டைச் சமர்ப்பிக்காமல் விடுவதே தொல்லை. பட்டர் வாங்கிய பற்றுச்சீட்டு முதல் பெட்டிக் கணக்குவரை இன்றே ஒரு கோப்பில் போடுங்கள். கூடவே திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பேசிவிடுங்கள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கார்ட்டூன் உருவம் கேட்டு வரும் ஓடர்களைத் தவிர்ப்பது நல்லது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அந்த உருவங்களையும் காக்கிறது, உங்கள் தாமரையையும் காக்கிறது.

நகைகளை அடகு வைக்கவேண்டாம். வைப்பில் எஞ்சும் 360,000 உடன் பணிக்கொடை 362,500 சேர்ந்து, சீட்டின் மீதி 75,000 கழிந்தால் 647,500 ரூபா உங்கள் கையில் இருக்கும். நீங்கள் கேட்கும் 7 இலட்சத்துக்குக் குறைவது 52,500 தான், அதைப் புதிய விலையில் விற்கும் பைகளே ஐந்து மாதத்துக்குள் தந்துவிடும். அந்த ஐந்து மாதத்தில், டிசம்பரை ஒதுக்கிவிட்டு, ஏற்ற ஓடர்களையும் நேரமின்றித் திருப்பிய ஓடர்களையும் தனித்தனியாக எழுதிவாருங்கள். 13,500 ரூபா விலையில் இரண்டும் சேர்ந்து தொடர்ந்து மூன்று மாதம் பன்னிரண்டைத் தொட்டால் கடிதத்தைக் கொடுங்கள். தொடாவிட்டால் வார இறுதிப் பைகளோடு வேலையிலேயே இருந்து, முதல் வகுப்பை மட்டும் நடத்திப் பார்த்துவிட்டு மீண்டும் எனக்கு எழுதுங்கள்.