லீஸா, ஒத்தியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் சிறுகதையில் 'ஊருக்கு வெளியே ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்தான்' என்று ஒரு வரி. படித்துவிட்டு நண்பன் சிரிக்கிறான். வீட்டுக்குக் குத்தகை என்று சொல்லக்கூடாதா? நானே ஆறு லட்சம் கொடுத்து லீஸ் வீட்டில்தான் இருக்கிறேன், பதினொரு மாத அக்ரிமெண்ட். லீஸுக்குத் தமிழ் குத்தகைதானே?

க.

அன்புள்ள க.,

நண்பர் சிரித்தது நியாயம்தான். வயல், புளியந்தோப்பு, குளத்து மீன் இதெல்லாம் குத்தகைக்குப் போகும். குடியிருக்கும் வீடு வாடகைக்கு. அகராதி என்ன சொன்னாலும் காதுக்கு அதுதான் பழக்கம். மாற்றிவிடுங்கள்.

ஆறு லட்சம், பதினொரு மாத அக்ரிமெண்ட் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு ஒத்தி என்று பெயர். போக்கியம் என்றும் சொல்வார்கள். நீங்கள் வாடகை தருவதில்லை, வீட்டுக்காரர் வட்டி தருவதில்லை. அதாவது கடன் கொடுத்தவர் நீங்கள், வீடு உங்களிடம் அடமானம். 'ஒத்திக்கு இருக்கோம்' என்று சொன்னவர்களுக்கு இது தெரிந்திருந்தது. லீஸ் என்ற சொல் வந்ததும் கடன் மறைந்துபோய், ஏதோ வாடகை மிச்சமாகிற ஏற்பாடு மாதிரி ஆகிவிட்டது. புரோக்கர் நீட்டும் முத்திரைத்தாளில் நாமும் கையெழுத்துப் போடுகிறோம்.

100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தியைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். பதினொரு மாதக் கணக்கெல்லாம் வாடகை ஒப்பந்தத்துக்கு, பதிவுச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழி. அதைக் கொண்டுவந்து ஆறு லட்சத்துக்கு மாட்டுவதா? படித்தவர்தானே நீங்கள்!

என் சித்தி இப்படித்தான் இருந்தாள். ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கதவில் வங்கி நோட்டீஸ், பசைகூடக் காயவில்லை. வீட்டின் மேல் ஏற்கெனவே கடன், ஏலத்துக்கு வருகிறது. சித்தியின் அக்ரிமெண்ட்டை வாங்கிப் பார்த்த வங்கி அதிகாரி மடித்துத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். நகை விற்ற பணம்.

முதலில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். கடன் ஏதும் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒத்தியாகவே பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே வங்கியில் அடமானம் இருந்தால் உங்கள் பதிவு அதற்குப் பின்னால்தான் நிற்கும். பணத்தைக் கேட்டு வாங்கப் பாருங்கள்.

'வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர் சார்' என்று மட்டும் பதில் எழுதாதீர்கள், தம்பி. சித்தியின் வீட்டுக்காரரும் நல்லவர்தான். பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுப்பார்.