பெரிய எழுத்தாளர்களைப் போல விடியற்காலையில் எழுந்து எழுதும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது?

கேள்வியைப் பார்த்தால், தட்டு முன்னால் தானாகச் சாப்பாடு வந்து விழுகிற வீட்டில் இருப்பவர் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், தம்பி.

இந்த விடியற்காலைக் கட்சிக்குத் தலைவர் ஆன்டனி ட்ரோலப். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர், தபால் துறையில் உத்தியோகம். காலை ஐந்தரைக்கே மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்காக எழுதுவாராம். அப்புறம்தான் ஆபீஸ். மொத்தம் 47 நாவல்கள்! நான் போன எழுத்துப் பட்டறையில் இதைச் சொல்லித்தான் எங்களை வெட்கப்பட வைத்தார்கள். ஆனால் அதே மனிதர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கும் இன்னொரு விஷயத்தை அங்கே யாரும் சொல்லவில்லை. அவரை எழுப்பிவிடவும் காபி கொண்டுவந்து தரவும் வயதான குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். அதற்காக அவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். ஒருநாள்கூட காபி தாமதமானதில்லையாம். தன் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்று ட்ரோலப்பே எழுதியிருக்கிறார்.

நானும் ஐந்தரைக்கு எழுந்து பார்த்தவள்தான். எங்கள் வீட்டில் அந்தக் குதிரைக்காரர் நான். கூடத்து விளக்கைப் போட்டதுமே மாமனார் உள்ளேயிருந்து, "எழுந்துட்டியாம்மா? அப்ப டிகாக்‌ஷன் போட்டுடேன்" என்பார். டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் பால்காரர், பால் காய்வதற்குள் தண்ணி மோட்டார். ட்ரோலப் கணக்குப்படி அதற்குள் 500 சொல் ஆகியிருக்க வேண்டும்.

உடனே ஆம்பளைங்களைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் வீட்டுக்காரர் பாத்திரம்கூடத் தேய்ப்பார். என்ன, நான் பேனாவைத் திறந்த பிறகுதான் அவருக்குத் தேங்காய்த் துருவி காணாமல் போகும். கல்யாணமான நாளிலிருந்து அது அதே ஆணியில்தான் தொங்குகிறது.

ஜெர்மன் கவிஞர் ஷில்லர் மேசை டிராயரில் அழுகிய ஆப்பிள் வைத்திருப்பாராம், அந்த வாசனை இல்லாமல் எழுத்து ஓடாதாம். எங்கள் வீட்டில் கூடையில் ஒரு தக்காளி அழுகினாலே என்னிடம் விசாரணை நடக்கும். இவர்களில் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் ஒருவர்தான் என் கட்சி. அறைக் கதவு கிறீச்சிட்டதாம். அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆள் வருகிற சத்தம் கேட்டதும் எழுதிய தாளை மறைத்துவிடலாமே!

எனக்குக் குக்கர்தான் கதவு. மூன்று விசிலுக்குள் எழுதியதுதான் கதை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் வெள்ளைப் பக்கம்தான் நோட்டு. முன்பக்கம் ராகு காலம், பின்பக்கம் கதாநாயகி. அதே தாளில் மளிகை லிஸ்ட்டும் ஏறிவிடும். ஒருநாள் துவரம்பருப்புக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில் "சித்தப்பாவைச் சாகடிக்கணும், பணம் கைமாறிய பிறகு" என்று எழுதியிருந்தேன். கடை அண்ணாச்சி பருப்பைப் பொட்டலம் கட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இந்த ரெண்டாவது அயிட்டம் நம்மகிட்ட இல்லையே" என்றார். கதைக்குத்தான் அண்ணாச்சி என்று விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு கடன் பாக்கியை மட்டும் என்னிடம் கேட்பதில்லை.

அதனால் தம்பி, ஐந்தரைக்கு எழுவதெல்லாம் இருக்கட்டும். அந்த நேரத்துக்கு உங்கள் வீட்டில் அடுப்படியில் நிற்பது யார் என்று சொல்லுங்கள், பழக்கம் வருமா வராதா என்று நான் சொல்கிறேன்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்தால்தான் பிரசுரமாகாத கதையைத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு வார இதழுக்கு அப்படியே அனுப்பினேன். கதையும் வரவில்லை, உறையும் வரவில்லை. போன் பண்ணினால், "பரிசீலனையில இருக்கும்மா" என்றார்கள். பிறகு பத்திரிகையே நின்றுபோய், அந்தக் கட்டடத்தில் இப்போது செருப்புக் கடை இருக்கிறது. என் கதை இன்னும் பரிசீலனையில்தான் இருக்க வேண்டும்.