சர்வர் தானே ரீபூட் ஆகிறதா? ஹார்டுவேர் வாட்ச்டாக்: கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. புதியவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் வாட்ச்டாக் என்பது மதர்போர்டிலேயே இருக்கிற ஒரு டைமர். ஏதாவது ஒரு புரோகிராம் குறித்த நேரத்துக்குள் அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது நின்றால் சிஸ்டம் உறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் ரீசெட் அடித்துவிடும். அதனால் எந்தப் புகார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, தட்டுவது யார் என்றுதான்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: அண்ணே, பில்லிங் சர்வர் அப்பப்போ தானா ரீபூட் ஆகுது. வாட்ச்டாக்தான் பண்ணுதுன்னு எப்படி உறுதி பண்றது?

தம்பி, முதலில் கரண்டைச் சந்தேகப்படுங்கள். நம்ம ஊரில் யூபிஎஸ் பேட்டரி கிழடாகிப்போய், லைட் ஒரு தடவை கண் சிமிட்டினாலே சர்வர் விழுந்து எழுவதுண்டு. அதே யூபிஎஸ்ஸில் ரவுட்டரும் இருந்தால் அதன் அப்டைமைப் பாருங்கள். சர்வர் எழுந்த நேரத்திலேயே ரவுட்டரும் எழுந்திருந்தால் குற்றவாளி கரண்டுதான். ரவுட்டர் பல நாளாக ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

பயாஸில், கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதைக் கொஞ்ச நாளைக்கு 'அணைந்தே இரு' என்று மாற்றி வையுங்கள். அதன் பிறகும் சர்வர் தானே எழுந்து நின்றால் அது மின்வெட்டு இல்லை, ரீசெட்.

அடுத்தது லாக். 'ஜர்னல்சிடிஎல் -பி -1' கொடுத்தால் முந்தைய பூட்டின் லாக் வரும். முறையாக அணைந்திருந்தால் சர்வீஸ்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்ட வரிகள் கடைசியில் இருக்கும். வாட்ச்டாக் அடித்திருந்தால் பேச்சு பாதியில் அறுந்த மாதிரி லாக் சட்டென்று நிற்கும். முந்தைய பூட்டே காட்டவில்லை என்றால் ஜர்னல் ரேமில் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறது. ஜர்னல்டி கான்ஃபிக்கில் 'ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டன்ட்' போட்டுவிட்டு அடுத்த விழுகைக்குக் காத்திருங்கள்.

'டபிள்யூடிசிடிஎல்' என்ற கட்டளையையும் ஓட்டிப் பாருங்கள். எந்த டிரைவர், எத்தனை விநாடி டைம்அவுட், கடந்த பூட் ரீசெட்டால் வந்ததா என்பதையெல்லாம் காட்டும். கடைசியாகச் சொன்னதைப் பல டிரைவர்கள் நிரப்புவதே இல்லை. அங்கே சுழியம் இருக்கிறது என்பதற்காக வாட்ச்டாக்கை விடுதலை செய்துவிடாதீர்கள். ஐபிஎம்ஐ (சர்வரைத் தனியே கண்காணிக்கும் சிப்) உள்ள சர்வர் என்றால் இன்னோர் இடமும் உண்டு. 'ஐபிஎம்ஐடூல் செல் லிஸ்ட்' போட்டால், ரீசெட் அடித்தது அந்தச் சிப்பின் வாட்ச்டாக் என்றால் நேரத்தோடு பதிவாகியிருக்கும்.

வாட்ச்டாக்தான் என்று உறுதியான பிறகு அதை அணைக்காதீர்கள். உறைந்த சர்வரை எழுப்பியது அது. உறைந்தது ஏன் என்பதுதான் உங்கள் வேலை. பட்டறைக்குப் பக்கத்திலேயே சர்வர் இருந்தால் மூடியைத் திறந்து ஹீட்சிங்கைப் பாருங்கள். சிமெண்டும் மணலும் கலந்த பொடி ஃபேன் இறக்கைகளுக்குப் பின்னால் கம்பளம் மாதிரி படிந்திருக்கும், சித்திரை வெயிலில் அது போதும். ஒரு வித்தியாசம்: சிபியு எல்லை மீறிச் சுட்டால் மெஷின் பெரும்பாலும் அணைந்தே போகும். அந்த எல்லையைத் தொடாமல், சூட்டில் ரேமோ பவர் சப்ளையோ தடுமாறி உறையும்போதுதான் வாட்ச்டாக் வேலைக்கு வரும்.

கானாடுகாத்தான், வீட்டை ஹோட்டலாக்கியவர்: தம்பி, எங்க சர்வரைப் பாக்குற பையன் வாட்ச்டாக் டீமன் போட்டான். 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி'ன்னு நிக்குது. போர்டு பழுதா?

பழுது இல்லை, ஆச்சி. டைமரைத் தட்டுவது /டெவ்/வாட்ச்டாக் என்ற கோப்பு வழியாகத்தான். பையன் போட்ட டீமன், பின்னணியில் ஓடி அதைத் தட்டும் புரோகிராம். அந்தக் கோப்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். உங்கள் சர்வரில் சிஸ்டம்டி (லினக்ஸில் மற்ற சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் முதல் புரோகிராம்) ஏற்கெனவே திறந்து வைத்திருக்கலாம். பையனிடம் 'எஃப்யூசர்' கட்டளையால் அந்தக் கோப்பைப் பிடித்திருப்பது யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். பிராசஸ் எண் 1 என்று வந்தால் சிஸ்டம்டிதான். சிஸ்டம்.கான்ஃப் கோப்பில் 'ரன்டைம்வாட்ச்டாக்செக்' என்ற வரி இருக்கும். அதை எடுத்துவிட்டு டீமனை வைத்துக்கொள்ளலாம், அல்லது டீமனை எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம். முன்பதிவு மட்டும் ஓடுகிற சர்வருக்கு சிஸ்டம்டியே போதும்.

தேவகோட்டை, பள்ளிக்கூட லேப்: சார், உபுண்டுவில் /டெவ்/வாட்ச்டாக் கோப்பே இல்லை. இன்டெல் போர்டு வாட்ச்டாக்குக்கான ஐடிசிஓ டிரைவர் பெயரை மாட்யூல்ஸ்-லோட் கோப்பில் எழுதியும் ஏறவில்லை.

பலரை அலைக்கழிக்கிற இடம் இது. உபுண்டு கர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வாட்ச்டாக் டிரைவர்கள் எல்லாம் தடைப்பட்டியலில் வருகின்றன. கவனிக்க ஆளில்லாமல் டைமர் ஓடி மெஷின் ரீசெட் ஆகிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைதான். பூட் ஆகும்போது டிரைவர்களை ஏற்றும் மாட்யூல்ஸ்-லோட் அந்தத் தடையை மதிக்கும். கையால் கொடுக்கும் 'மாட்ப்ரோப்' மதிக்காது. ஆகவே மாட்ப்ரோப்பில் ஏற்றிப் பாருங்கள். ஏறினால், வாட்ச்டாக் டீமனின் டிஃபால்ட் கோப்பில் மாட்யூல் பெயரை எழுதுங்கள். அது மாட்ப்ரோப் வழியாகத்தான் ஏற்றும்.

ஏற்றும்போது, கர்னல் செய்திகளைக் காட்டும் டீமெசேஜில் 'நோ ரீபூட்' ஃபிளாக்கை மாற்ற முடியவில்லை என்று வந்தால், ரீசெட் அடிக்கும் வழியை பயாஸ் பூட்டி வைத்திருக்கிறது என்று அர்த்தம். பயாஸ் மெனுவில் வாட்ச்டாக் என்று ஏதாவது இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் அந்த போர்டில் 'சாஃப்ட்டாக்'தான் கதி. அது கர்னலுக்குள் ஓடும் டைமர். கர்னலே உறைந்தால் அதுவும் உறையும். எனவே அதை ஹார்டுவேர் வாட்ச்டாக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பள்ளத்தூர், தோப்பு மோட்டாருக்கு ராஸ்பெரி பை: வாட்ச்டாக் டைம்அவுட்டை 60 விநாடி வைத்தால் ஏற்க மாட்டேன்கிறது.

அந்தச் சிப்பின் டைமர் 15 விநாடிக்கு மேல் எண்ணாது. 14 வையுங்கள், ஓடும்.

காரைக்குடி, மருத்துவமனை லேப்: சார், நேற்று ராத்திரி சர்வர் தொங்கிவிட்டது. பிங் போகிறது, லாகின் ஆகவில்லை, ரிப்போர்ட் வரவில்லை. வாட்ச்டாக் இருந்தும் காலைவரை ரீசெட் ஆகவே இல்லையே?

டிஸ்க் பதில் சொல்லாமல் போயிருக்கிறது. உங்களிடம் தட்டிக்கொண்டிருப்பது சிஸ்டம்டி. அது பெரும்பாலும் மெமரியிலேயே இருக்கிறது, தட்டுவதற்கு அதற்கு டிஸ்க் தேவையில்லை. பிங்குக்குப் பதில் சொல்கிற கர்னலுக்கும் தேவையில்லை. லாகினுக்கும் டேட்டாபேஸுக்கும் தேவை. எனவே வாட்ச்டாக்கின் கணக்குப்படி சர்வர் நலம், நோயாளியின் ரிப்போர்ட் மட்டும் வரவில்லை. தட்டுகிறவர் எதைச் சோதித்துவிட்டுத் தட்டுகிறார் என்பது ஏன் முக்கியம் என்பதற்கு உங்கள் சர்வரே சாட்சி.

உங்கள் இடத்துக்கு வாட்ச்டாக் டீமன்தான் சரி. அதில் 'டெஸ்ட்-பைனரி' என்று ஒரு ஸ்கிரிப்ட் கொடுக்கலாம். அந்த ஸ்கிரிப்ட் டேட்டாபேஸ் இருக்கும் பார்ட்டிஷனில் சின்னதாக ஒரு கோப்பு எழுதி, டிஸ்க்கில் இறங்கியதை 'எஃப்சிங்க்' மூலம் உறுதிசெய்ய வேண்டும். வெறுமனே எழுதினால் கேஷிலேயே நின்றுவிடும், டிஸ்க் செத்தாலும் 'சரி' என்றே வரும். ஸ்கிரிப்ட் தொங்கினால் குறித்த நேரத்துக்குப் பின் டீமன் அதைத் தோல்வியாகக் கணக்கிட்டு ரீபூட் தொடங்கும். அந்த ரீபூட்டும் டிஸ்க்கில் மாட்டிக்கொண்டால் தட்டுவது நின்று, ஹார்டுவேர் ரீசெட் அடிக்கும். கான்ஃபிக்கில் 'ரியல்டைம்=யெஸ்' இருக்கட்டும், டீமன் ஸ்வாப்புக்குப் போகாமல் மெமரியிலேயே நிற்கும்.

இரண்டாவது காவலாக, 'ஹங் டாஸ்க் பேனிக்' 1, 'கர்னல்.பேனிக்' 10 என்று சிஸ்சிடிஎல்லில் (கர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) வையுங்கள். ஒரு பிராசஸ் டிஸ்க்குக்காக 120 விநாடி அசையாமல் கிடந்தால் கர்னல் பேனிக் ஆகி (இனி ஓட முடியாது என்று நின்றுவிடுவது), 10 விநாடியில் ரீபூட் ஆகும். ஆனால் என்எஃப்எஸ் மவுன்ட் (நெட்வொர்க் வழியே இணைத்த வேறு சர்வரின் ஃபோல்டர்) இருந்தால் இதை வைக்காதீர்கள். அந்தப் பக்க சர்வர் நின்றதற்கு உங்கள் சர்வர் விழும்.

இதையெல்லாம் இன்றே செய்தாலும், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் 'ஸ்மார்ட்சிடிஎல்' போட்டுப் பார்த்து மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ரீசெட் அடித்தால் செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க் பிழைக்காது. பேக்கப்பை இப்போதே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

புதுவயல்: 'சாஃப்ட் லாக்கப், சிபியு 22 விநாடி சிக்கியது' என்று வருகிறது. இதுவும் அந்த வாட்ச்டாக்கா?

இல்லை. அது கர்னலுக்குள் இருக்கும் வேறொரு கண்காணிப்பு. சாதாரணமாக 20 விநாடி ஒரு சிபியு விட்டுக்கொடுக்காமல் ஓடினால் எச்சரிக்கும், ரீசெட் அடிக்காது. விர்ச்சுவல் மெஷின் என்றால் ஹோஸ்ட்டில் நெரிசலா என்று பாருங்கள்.

கோட்டையூர்: அண்ணே, ராத்திரி பேக்கப் ஓடும்போது மட்டும் ரீபூட். லாக்கில் 253 என்று ஓர் எண் இருக்கு.

அந்த எண்தான் விடை. லோட் (சிஸ்டத்தில் காத்திருக்கும் வேலையின் அளவு) அதிகம் என்று வாட்ச்டாக் டீமனே எடுத்த முடிவு அது, ஹார்டுவேர் கை வைக்கவில்லை. கான்ஃபிக்கில் 'மேக்ஸ்-லோட்-1' வரியைப் பாருங்கள். பேக்கப் நேரத்தில் லோட் எவ்வளவு ஏறுகிறது என்று ஓரிரு இரவு குறித்து, அதற்கு நன்றாக மேலே எல்லையை வையுங்கள். பேக்கப்பை, டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்கும் 'அயோநைஸ்' போட்டு ஓட்டினால் இன்னும் நல்லது.

தேவகோட்டை, அதே லேப்: சார், டிரைவர் ஏறிவிட்டது. உண்மையில் ரீசெட் அடிக்குமா என்று எப்படிச் சோதிப்பது?

பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, சர்வீஸ்களை நிறுத்தி, 'சிங்க்' கொடுத்துவிட்டு டீமனை 'கில் -9' போடுங்கள். முறையாக மூடும்போது டீமன் 'வி' என்ற எழுத்தை எழுதி டைமரை நிறுத்தும். கில் -9 அதற்கு இடம் கொடுக்காது. டைமர் ஓடி, குறித்த விநாடியில் மானிட்டர் கறுத்து பயாஸ் திரை வர வேண்டும். டீமனை சிஸ்டம்டி மறுபடி எழுப்பிவிட்டால் சோதனை கெடும். அதனால் அந்த யூனிட்டில் 'ரீஸ்டார்ட்' வரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் டீமெசேஜின் கடைசி வரிகளை அனுப்புங்கள், பார்க்கிறேன்.