சீனாவா, அமெரிக்காவா, கத்தாரா?

கேள்வி: மேலூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள், மதுரையில் நடக்கும் பேச்சுப் போட்டியில் ‘பூமி சூடாவதற்கு யார் பொறுப்பு?’ என்ற தலைப்பில் பேசப்போகிறாள். ஒரு பட்டியலில் சீனா முதலிடம், இன்னொன்றில் அமெரிக்கா, வேறொன்றில் கத்தார் என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: மூன்றையும் நம்பலாம். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை. எந்தக் கேள்வி என்று மகள் பிடித்துக்கொண்டால், நடுவர் குறுக்கே கேட்டாலும் தடுமாற மாட்டாள்.

ஒரு வருடத்தில் வெளிவிடும் கரியமில வாயுவைப் பார்த்தால் சீனாதான் முதலிடம். உலக மொத்தத்தில் 30 சதவீதத்துக்குச் சற்று மேல். அமெரிக்கா சுமார் 13, இந்தியா சுமார் 8 சதவீதம். இதையே தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால், அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு 14 டன் அளவில், சீனருக்கு 8, நமக்கு 2. கத்தாரில் அது 30 டன்னைத் தாண்டும். அங்கே எரிவாயுத் தொழில் பெரிது, மக்கள்தொகை சிறிது.

மூன்றாவது கணக்கைத்தான் மகள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் ஊர்க் கண்மாய் மேடிட்டுப் போனது இந்த வருடம் வந்த வண்டலால் மட்டுமா? தூர்வாராமல் விட்ட ஐம்பது அறுபது வருட வண்டலும் அடியில் கிடக்கிறதே. கரியமில வாயுவும் அப்படித்தான். புகை கலைந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்த வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கும். சேர்ந்து கிடக்கும் அந்த மொத்தம்தான் சூடேற்றுகிறது. 1850 முதல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்ததைக் கூட்டிப் பார்த்தால் அமெரிக்காவின் பங்கு கிட்டத்தட்ட கால்வாசி. சீனா 15 சதவீதம் அளவில். உலகில் ஆறில் ஒருவர் இந்தியர். ஆனாலும் நம் பங்கு 4 சதவீதத்துக்குள்தான்.

தலைப்பிலேயே ‘பொறுப்பு’ என்று இருப்பதால், நான் இந்தக் கணக்குக்கே அதிக எடை கொடுப்பேன். 1992-ல் பிரேசிலின் ரியோ நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் கையெழுத்தான பருவநிலை ஒப்பந்தமும் இதை ஒட்டித்தான் பேசுகிறது: பொறுப்பு எல்லா நாட்டுக்கும் உண்டு, அளவு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். அப்புறம், சீனாவின் புகையில் ஒரு பகுதி பிற நாட்டினர் வாங்கும் பொருட்களுக்காக எழுந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

அதற்காக, நம் மேல் குற்றமே இல்லை என்று முடிக்க வேண்டாம். அது எனக்கு உடன்பாடில்லாத வாதம். 2 டன் என்பது சராசரி. மதுரை அண்ணா நகரில் இரண்டு ஏசியும் காரும் உள்ள வீடும், உங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் வீடும் அதே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. மொத்த அளவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருக்கிறது. நிகர அளவைப் பூஜ்ஜியமாக்க, அதாவது வெளிவிடும் அளவுக்குச் சமமாகக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துவிட, இந்தியா வைத்திருக்கும் கெடு 2070.

எண்களை எடுக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாந்துவிடலாம். சில பட்டியல்கள் வாயுவின் எடைக்குப் பதிலாகக் கார்பனின் எடையை மட்டும் தரும்; 1 டன் கார்பன் என்றால் சுமார் 3.7 டன் கரியமில வாயு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. இன்னொன்று, நான் மேலே தந்தவை காடழிப்பைச் சேர்க்காத கணக்கு. அதையும் சேர்த்தால், 1850 முதலான பட்டியலில் பிரேசிலும் இந்தோனேசியாவும் சட்டென்று மேலே ஏறிவிடும். நடுவர் கேட்டால் சொல்ல, மகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.