குளிர்காலத்தில் குவாதலூப்: வாசகர் கேட்டவை

சென்ற இதழில் கரீபியன் தீவான குவாதலூப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மொன்றியலில் பதினேழு வருடம் விமானச் சீட்டுப் பதியும் மேசையில் இருந்தவள் நான். அந்தத் தீவுக்கு ஆறு தடவை போயிருக்கிறேன், அதில் இரண்டு தடவை என் அம்மாவோடு.

*அக்கா, நானும் கணவரும், 13, 9 வயதுப் பிள்ளைகளும், 71 வயது அம்மாவும் பத்து நாள் குளிருக்குத் தப்பி எங்காவது போகலாம் என்றிருக்கிறோம். சாப்பாடும் அறையும் சேர்த்துக் கொடுக்கும் கடற்கரை ஹோட்டலையே எடுக்கச் சொல்கிறார்கள் எல்லாரும். அம்மாவோ, "மணலில் படுத்திருந்து நான் என்ன செய்ய?" என்கிறார். முழங்கால் வருத்தம் வேறு. குவாதலூப் எங்களுக்குச் சரிவருமா? எப்போது போவது, எங்கே தங்குவது?*
— ஸ்காபரோ வாசகி

சரிவரும் தங்கச்சி. உங்கள் அம்மா கேட்ட கேள்விக்காகவே சரிவரும்.

முதலில் காலம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். டிசம்பரில் மழை குறையத் தொடங்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே 'கரேம்' என்று சொல்லும் வறண்ட காலம்: பகலில் 28, 29 பாகை, இரவில் 21, 22, கடல்நீர் 26 பாகை அளவில் இருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையை விட்டுவிடுங்கள். பிரான்சிலிருந்து வருகிறவர்களால் தீவு நிறைந்திருக்கும், விலையும் உச்சத்தில் நிற்கும். பிள்ளைகளின் மார்ச் விடுமுறைதான் உங்களுக்கு நல்லது. பள்ளிக்கூடக் கட்டுப்பாடு இல்லாதவர் என்றால் ஜனவரி கடைசி இரண்டு கிழமைகளைத்தான் சொல்லியிருப்பேன். பெப்ரவரியில் பிரான்சில் மறுபடி பள்ளி விடுமுறை வருகிறது.

இனி இடம். இதில்தான் நான் முதல் தடவை பிழைவிட்டேன். வரைபடத்தில் பார்த்தால் தீவு வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். வலது சிறகு கிராந்-தேர்: சுண்ணாம்புக்கல் தரை, கரும்பு வயல், வெள்ளை மணல். இடது சிறகு பாஸ்-தேர்: எரிமலை, காடு, அருவி. இரண்டுக்கும் நடுவே ஓடுகிற கடல்நீர்க் கால்வாய்க்குப் பெயர் உப்பாறு. பிரெஞ்சுப் பெயரின் பொருளும் அதேதான். பாஸ்-தேர் என்றால் தாழ்ந்த நிலம். மலை நிற்கிற பக்கத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று என் மகள் கேட்டாள். அது கப்பல்காரர் வைத்த பெயர், காற்றுக்கு மறைவான பக்கத்தை அப்படிச் சொல்வார்கள்.

கிழக்கிலிருந்து வரும் காற்று அந்த மலையில் முட்டி ஏறும்போது மழையைக் கொட்டிவிடுகிறது. 1467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலையின் உச்சியில் ஒரு வருடத்து மழை பத்து மீட்டரைத் தொடும். அதே நேரத்தில் கிராந்-தேரின் தென்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் கைத்தொலைபேசியில் 'குவாதலூப்: மழை' என்று காட்டினால் மனம் உடைய வேண்டாம். எந்தச் சிறகில் மழை என்பதுதான் கேள்வி.

நான் ஒன்பது இரவையும் கிராந்-தேரில் உள்ள சேந்த்-ஆன் ஊரிலேயே பதிந்துவிட்டு, மலைக்குத் தினமும் போய் வரலாம் என்று நினைத்தேன். இரண்டு சிறகும் சேரும் இடத்தில் ஜாரி என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அங்கே வாகனங்கள் நகராது. பின்னிருக்கையில் அம்மா வியர்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று காலைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கும். நீங்கள் இரவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து இரவு சேந்த்-ஆனில் தங்குங்கள். வெளியே பவளப்பாறை அலையைத் தடுப்பதால் அங்கே கடல் குளம்போல் இருக்கும், உங்கள் அம்மா இடுப்பளவு நீரில் நின்று கையைக் காலை அசைக்கலாம். நாலு இரவு பாஸ்-தேரின் மேற்குக் கரையில், தேஷே அல்லது புயியாந்த் பக்கம். புயியாந்த் என்றாலே கொதிக்கிறது என்று பொருள். பூமியின் சூட்டில் மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே இருக்கிறது, கரையோரத்தில் வெந்நீர் கடலில் கலக்கிற இடமும் உண்டு. என் அம்மா அந்த நீரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அன்றிரவு தைலம் கேட்காமல் படுத்தார்.

அருவிக்கு எக்ரவிஸ் அருவி போதும். மலையை ஊடறுத்துப் போகும் வீதியில் காரை நிறுத்தினால் ஐந்து நிமிடம் சமதரையில் நடை. கார்பே அருவிகள் மிக வடிவானவை, இரண்டாவது அருவி 110 மீட்டர் உயரம். ஆனால் அங்கே படிகள் உண்டு. மூத்த பிள்ளையோடு ஒருவர் போய் வரலாம், அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம்.

இன்னொன்று: அங்கே குளிர்காலத்தில் மாலை ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும், டிசம்பரில் இன்னும் முந்தி. அந்தி என்று ஒன்று நீளாது, விளக்கை அணைத்த மாதிரித்தான். காலை ஆறு மணிக்கு எழும்பி வெளிக்கிடுகிற குடும்பத்துக்குத்தான் அந்தத் தீவு முழுதாகக் கிடைக்கும்.

*கார் கட்டாயம் வேண்டுமா? பேருந்தில் சமாளிக்க முடியாதா?*
— லவால் வாசகர்

வேண்டும் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பேருந்து அநேகமாக இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களிலும் இருட்டுவதற்கு முன்பே நின்றுவிடும். ஓட்டுவது கனடாவைப் போல வலப்பக்கம்தான். ஆனால் பெரும்பாலான வாடகைக் கார்கள் கையால் கியர் மாற்றுபவை. ஒரு தடவை தானியங்கிக் கார் என்று பதிந்துவிட்டுப் போனேன், முகப்பில் கையில் தந்தது கியர் கார். அன்று என்னோடு கியர் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை, இரண்டு மணி நேரம் நின்றோம். ஒக்டோபரிலேயே பதியுங்கள், 'தானியங்கி' என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

*நான் படிக்க வந்தவன், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன். பிரான்ஸ் போய்வர எடுத்த ஷெங்கன் விசா இன்னும் முடியவில்லை. குவாதலூப் பிரான்ஸின் பகுதிதானே, அதுவே போதுமா?*
— பிராம்ப்டன் மாணவர்

போதாது. தயவுசெய்து இதை நன்றாக வாசியுங்கள், இந்த இடத்தில் சீட்டுப் பணத்தை இழந்தவர்களை என் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிறது, செலாவணி யூரோ. ஆனாலும் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும், பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லுபடியாகும் என்று விசாவிலேயே எழுதியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தொண்ணூறு நாள் வரை விசா தேவையில்லை.

மலிவாகக் கிடைக்கிறது என்று மயாமி வழியாகப் பதியாதீர்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் உங்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். மொன்றியலிலிருந்து குவாதலூப்பின் நகரமான பொயிந்த்-ஆ-பித்ருக்கு நேர் விமானம் இருக்கிறது, ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

*அங்கே தமிழர் கோயில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?*
— மார்க்கம் வாசகி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் தொகுதி இந்தியர்களைக் குவாதலூப்பில் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து வருடத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேலானவர்கள் வந்தார்கள். பெரும்பகுதி பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர். கப்பலிலும் தோட்டத்திலும் செத்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்களின் வாரிசுகளுக்குப் பல காலம் வாக்குரிமைகூட இல்லை. பாஸ்-தேர் பக்கத்து ஊரான கபெஸ்தேர்-பெல்-ஓவில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-இல் வழக்காடத் தொடங்கி, 1923-இல்தான் அந்த உரிமை கைகூடியது.

அந்தக் கபெஸ்தேர்-பெல்-ஓவில், ஷாங்கி என்னும் இடத்தில், பெருவீதியோரம் வண்ணச் சிலைகளோடு கோயில் நிற்கிறது. மாரியம்மனை அங்கே 'மாலியெமே' என்பார்கள், மதுரைவீரனை 'மல்தேவிலே'. நாகூர் மீரான் என்ற முஸ்லிம் மகானுக்கும் அவர்கள் வழிபாட்டில் இடம் உண்டு. கடலைக் கடக்கும்போது கூப்பிட்ட பெயரை அவர்கள் கைவிடவில்லை. நாங்கள் போனபோது கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, என் அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டுத் மாரித்தாயின் மீது ஒரு பாட்டைப் பாடினார். சொற்கள் தேய்ந்துபோயிருந்தன. பொருள் தனக்குத் தெரியாது, பாட்டியிடம் கேட்டுப் பாடமாக்கியது என்று பிரெஞ்சில் சொன்னார். அம்மா இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டார். நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டு உள்ளே போங்கள். படம் எடுப்பதற்கும் கேளுங்கள். பலி கொடுத்து வழிபடும் நாட்களும் உண்டு, அம்மா தாங்கமாட்டார் என்றால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

சாப்பாட்டில், 'கொலொம்போ' என்ற சொல்லைப் பார்த்தவுடன் வாங்கிவிடாதீர்கள். கொத்தமல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு, சீரகம் அரைத்த நம் கறித்தூள்தான், ஆனால் பெரும்பாலும் ஆட்டிறைச்சியோ கோழியோ போட்டிருக்கும். 'அக்ரா' என்ற பஜ்ஜியும் வழக்கமாக உப்புமீனில் செய்வது. மரக்கறி அக்ரா கேட்டால் சில இடங்களில் பூசணியில் செய்து தருவார்கள். சைவக்காரருக்கு நல்ல வழி, சமையலறை உள்ள வீட்டை எடுப்பது. பொயிந்த்-ஆ-பித்ரின் சேன்-அந்துவான் சந்தையில் ஈரப்பலாக்காய், சௌசௌ, பூசணி, பச்சை மிளகாய், கொலொம்போத் தூள் எல்லாம் கிடைக்கும். ஈரப்பலாக்காயைக் கண்டதும் என் அம்மா பேரம்கூடப் பேசவில்லை. வேப்பமரத்தை அங்கே 'வேபெலே' என்கிறார்கள். வேப்பிலை என்று நாங்கள் திருப்பிச் சொன்னபோது சந்தைக்காரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஒரு கவனம்: பாஸ்-தேரின் தென்பகுதி வீதியோரங்களில் விற்கும் கிழங்குகளை வாங்காதீர்கள். வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை தெளித்த குளோர்தெகோன் என்ற பூச்சிக்கொல்லி அந்த மண்ணில் இன்னும் கிடக்கிறது, கிழங்குகள்தான் அதை அதிகம் உறிஞ்சும். பாவம், அந்த மண்ணில்தான் அவர்கள் வாழ்கிறார்கள். வெளியூர்க்காரருக்குச் சந்தையில் எந்த ஊர் விளைச்சல் என்று கேட்டு வாங்க முடிகிறது, அவ்வளவுதான்.

*பிள்ளைகளோடு போகிறோம். எதற்குப் பயப்பட வேண்டும்?*
— அஜாக்ஸ் வாசகர்

பயம் வேண்டாம், நாலு விஷயத்தைப் பிள்ளைகளுக்கு விமானத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கடற்கரையில் சிவப்புப் பூச்சுக் கோடு போட்ட மரத்தின் கீழ் நிற்கக் கூடாது. அது மான்சனில்லா மரம். அதன் பால் தோலைப் பொசுக்கும், மழைத்துளியோடு சொட்டினாலும் அப்படித்தான். சின்ன ஆப்பிள் போன்ற காயைக் கடித்தால் தொண்டை வெந்துவிடும். எல்லா மரத்துக்கும் கோடு போட்டிருக்க மாட்டார்கள், ஆகவே தெரியாத காயைத் தொடவே வேண்டாம்.

மலையடிவார வெந்நீர்க் குளங்களில் தலையை முக்கக் கூடாது. அந்த நீரில் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் ஓர் அமீபா இருக்கலாம், 2008-இல் ஒரு சிறுவன் அதனால் இறந்திருக்கிறான். கழுத்துக்குக் கீழே நனைவதில் பிழையில்லை. கடலோடு கலக்கும் உப்பு வெந்நீர் வேறு, நான் சொல்வது நன்னீர்க் குளங்களை.

கிராந்-தேரின் கிழக்கு முனையான பொயிந்த் தே ஷாத்தோவில் பார்த்துவிட்டு வர வேண்டும், குளிக்கக் கூடாது. அத்திலாந்திக் அலை அங்கே நேராக மோதுகிறது. டெங்கு கொசு பகலில் கடிக்கும், காலையிலேயே மருந்து பூசுங்கள்.

பக்கத்திலுள்ள லே சேந்த் தீவுகளுக்கு, பாஸ்-தேரின் தென்கரை ஊரான திருவா-ரிவியேரிலிருந்து படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் குளிர்காலக் காற்றில் அந்தக் கடல் குலுக்கும். வாந்தி வருகிறவர்கள் முதலே மாத்திரை எடுங்கள். முதல் படகில் போங்கள், அங்குள்ள நெப்போலியன் கோட்டை மதியத்தோடு மூடிவிடும்.

*வீடு வாடகைக்குப் பார்க்கிறேன். கேட்க மறக்கக் கூடாத ஒன்று?*
— ஒட்டாவா வாசகி

தண்ணீர்த் தொட்டி. குழாய்கள் பழசாகிக் கசிவதால் தீவின் பல பகுதிகளில் முறைவைத்து நீரை நிறுத்துவார்கள். 'சித்தேர்ன்' இருக்கிறதா, அது தானாக வேலை செய்யுமா என்று உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். நீச்சல் குளத்தின் படத்தைப் பார்த்து மயங்கி, தொட்டி இல்லாத வீட்டில் நாங்கள் இரண்டு நாள் போத்தல் தண்ணீரில் முகம் கழுவினோம். மின்சாரம் 220 வோல்ட், செருகி பிரெஞ்சு வகை. உங்கள் முடி உலர்த்தியைக் கனடாவிலேயே விட்டுப்போங்கள்.