முறைச் சமையல்: ஒரு நாள் சமைத்து நான்கு நாள் உண்பது பற்றிய கேள்விகளும் பதில்களும்

நான்கு வீட்டார் சேர்ந்து, வாரத்தில் ஆளுக்கொரு நாள் அனைவருக்குமாக இரவு உணவைச் சமைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் குழு ஒன்றில் நான் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கற்றதை வைத்து, வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எத்தனை வீட்டார் சேர்ந்தால் சரியாக இருக்கும்? யாரைச் சேர்த்துக்கொள்வது?

மூன்று அல்லது நான்கு வீடுகள் போதும். இரண்டே வீடு என்றால், ஒருவர் வெளியூர் போன வாரமே முறை அறுந்துவிடும். ஐந்தைத் தாண்டினால் இருபது பேருக்கு மேல் சமைக்க வேண்டியிருக்கும். வீட்டு அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் அதைத் தாங்குவதில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது கைப்பக்குவத்தைப் பார்க்காதீர்கள். வீட்டுத் தொலைவையும் சாப்பிடும் நேரத்தையும் பாருங்கள். சூடான பாத்திரத்தைக் கையில் எடுத்து நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வரக்கூடிய தூரம்தான் நல்ல தூரம். ஆறரைக்கே பிள்ளைகளைச் சாப்பிட வைக்கும் வீட்டையும் ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் வீட்டையும் ஒரே குழுவில் வைத்தால், இருவரில் ஒருவர் எப்போதும் மனக்குறையோடுதான் இருப்பார். முதலில் ஆறு வாரம் மட்டும் என்று பேசித் தொடங்குங்கள். ஆறு வாரம் முடிந்ததும் விலக விரும்புகிறவர் காரணம் சொல்லாமலே விலகலாம் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டால், பிறகு யாருக்கும் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: நான்கு பேருக்கு நன்றாகவே சமைக்கிறேன். ஆனால் முதல் முறை வந்தபோது பதினைந்து பேருக்கு எல்லாவற்றையும் நான்கு மடங்காக்கினேன். குழம்பு நீர்த்துவிட்டது, காரமும் அதிகம். எங்கே தவறினேன், அம்மா?

நானும் இதே தவறைத்தான் செய்தேன். என் முதல் முறையன்று இரவு ஏழு மணிக்கு, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வற்றுவதற்காகக் கரண்டியோடு காத்து நின்றேன். மூன்று வீட்டிலிருந்தும் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது.

கொதிக்கும்போது தண்ணீர் மேற்பரப்பிலிருந்துதான் ஆவியாகிறது. பொருள் நான்கு மடங்கானாலும் பாத்திரத்தின் வாய் நான்கு மடங்கு அகலமாவதில்லை. ஆகவே வற்றும் தண்ணீரின் பங்கு குறைகிறது. நான்கு மடங்கு சமைக்கும்போது தண்ணீரை மூன்று மடங்கில் நிறுத்தி, தேவைப்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். காரத்தையும் மணப்பொருள்களையும் அப்படியே மூன்று மடங்கில் தொடங்கி, ருசி பார்த்து ஏற்றுங்கள். உப்பு கணக்குப்படிதான் வேண்டியிருக்கும் என்றாலும், அதில் கால் பங்கைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது நல்லது; போட்ட உப்பைத் திரும்ப எடுக்க வழியில்லை.

வதக்குவதையும் பொரிப்பதையும் ஒரே தடவையில் முடிக்க முயலாதீர்கள். சட்டி நிறையக் காயைக் கொட்டினால் சூடு இறங்கிவிடும், காய் தன் நீரிலேயே வெந்து குழையும். மூன்று ஈடாகப் பிரித்து வதக்குங்கள். அரிசி, ஆளுக்கு 80 கிராம் என்று வைத்துக்கொண்டால் பதினைந்து பேருக்கு 1.2 கிலோ ஆகும். வெந்தபின் அது சுமார் இரண்டரை முதல் மூன்று மடங்கு எடை ஆகிவிடும், பாத்திரத்தை அதற்கேற்ப எடுத்து வையுங்கள். கொதி வருவதற்கே வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதையும் மறவாதீர்கள். தாமதமாகும் முறைகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தாமதமாகின்றன.

கேள்வி: நான் காலையிலேயே சமைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டியவன். பெரிய பாத்திரத்தை மூடி மேடையில் வைத்துவிட்டு மாலையில் சூடாக்கிக் கொடுத்தால் போதாதா?

போதாது. குழுவாகச் சமைப்பதில் உண்மையான ஆபத்து என்று ஒன்றைச் சொல்வதானால், நான் இதைத்தான் சொல்வேன்.

சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில். சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. உணவு ஆறத் தொடங்கியதும் அவை விழித்துக்கொள்கின்றன. இறைச்சிக் குழம்பு போன்றவற்றில் வளரும் குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்னும் கிருமி, 45 பாகையை ஒட்டிய இளஞ்சூட்டில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்த இளஞ்சூட்டிலேயே கிடக்கும். சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் பொல்லாதது. அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே மாலையில் கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் சோற்றின் விஷயத்தில் பயன்படாது.

செய்ய வேண்டியது இதுதான். அடுப்பிலிருந்து இறக்கியதும் உணவை அகன்ற, தட்டையான பாத்திரங்களில் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயராதபடி பரப்புங்கள். குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் பாத்திரத்தை வைத்து அடிக்கடி கிளறிவிட்டால் இன்னும் விரைவாக ஆறும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 21 பாகைக்கும், அதன் பின் நான்கு மணி நேரத்துக்குள் 5 பாகைக்கும் இறங்க வேண்டும் என்பது பொதுச் சமையலறைகளில் பின்பற்றப்படும் அளவு. கொடுக்கிற வீட்டில் சூடாக்கும்போது நடுப்பகுதி 74 பாகையைத் தொட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றைக் குழுவின் முதல் செலவாக வாங்கிவிடுங்கள். ஆவி பறக்கிறதே என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வது நம்மை ஏமாற்றிவிடும்.

காலையில் இதற்கெல்லாம் நேரம் இல்லையென்றால், முதல் நாள் இரவே சமைத்து ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் குளிர்ந்த நிலையிலேயே கொடுங்கள். அப்படிக் கொடுப்பதில் குறை ஒன்றுமில்லை.

கேள்வி: செலவை எப்படிப் பிரிப்பது? எங்கள் வீட்டில் இருவர், அவர்கள் வீட்டில் ஆறு பேர்.

எங்கள் குழுவில் பணம் கைமாறுவதில்லை. அவரவர் முறைநாள் செலவு அவரவருடையது. வீடுகளின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இதைவிட எளிய வழி இல்லை. உங்கள் நிலையில் அது நியாயமாகாது. பெரியவருக்கு ஒரு பங்கு, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரைப் பங்கு என்று வைத்து, மாதக் கடைசியில் பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பங்குப்படி நேர் செய்துகொள்ளுங்கள். உழைப்பைக் கணக்கில் கொண்டுவராதீர்கள். யார் எத்தனை மணி நேரம் நின்றார் என்று எழுதத் தொடங்கிய குழு நீடித்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: என் மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. நாங்கள் சேரலாமா?

சேரலாம், ஆனால் ஒரே ஒரு நிபந்தனையோடு: முறைநாள்களில் அந்தப் பொருள் நான்கு வீட்டுச் சமையலிலும் அறவே இருக்கக் கூடாது. “உங்களுக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்” என்பது ஒவ்வாமைக்குப் பொருந்தாது. ஒரே கரண்டி, முன்பு பயன்படுத்திய எண்ணெய், கழுவாத மிக்சி சாடி ஆகியவற்றில் ஒட்டியிருப்பதே கடுமையான பாதிப்பைத் தரலாம். பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள் ஆகிய ஒன்பதையும் எழுதி ஒவ்வொரு வீட்டாரிடமும் கேளுங்கள். கடையில் வாங்கிய பொடியையோ சாந்தையோ சேர்ப்பவர் உறையின் பின்புறத்தைப் படித்தே ஆக வேண்டும். இவ்வளவுக்கும் மற்ற மூவரும் மனமுவந்து ஒப்பவில்லை என்றால், வருத்தமின்றி விலகிக்கொள்ளுங்கள்.

சைவ, அசைவ வேறுபாடு இதைவிட எளிது. பொது உணவைச் சைவமாக வைத்துவிட்டு, விரும்புகிறவர் தம் வீட்டில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதே எங்கள் ஏற்பாடு.

கேள்வி: சமைப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்?

முறையை மாற்றிக்கொள்ளுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிறருக்குச் சமைக்கக் கூடாது.

கேள்வி: இது புதிய ஏற்பாடா? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.

புதிதன்று. அமெரிக்காவில் மெலுசினா ஃபே பியர்ஸ் என்பவர் 1868-இலேயே பல வீட்டுச் சமையலையும் துவைத்தலையும் பெண்கள் கூட்டுறவாக நடத்த வேண்டும் என்று எழுதினார்; மசாசூசெட்சின் கேம்பிரிட்ஜில் அதற்கென ஒரு சங்கத்தையும் தொடங்கினார். அது 1871-க்குள் முடிந்துபோனது. கணவன்மார்களின் ஒத்துழையாமை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. டென்மார்க்கில் 1972-இல் குடியேறிய செட்டடாமென் என்னும் கூட்டுக் குடியிருப்பில் தனித்தனி வீடுகளோடு பொதுச் சமையலறையும் அமைந்தது. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். முதல் வாரம் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு வீட்டார் சமைப்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கவே இல்லை. எப்படிச் சொல்வது?

சுவையைப் பற்றிச் சொல்லாதீர்கள். பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். “நன்றாக இல்லை” என்பது ஆளைத் தொடும். “காரத்தைத் தனிக் கிண்ணத்தில் தந்தால் சின்னவள் சாப்பிடுவாள்” என்பது தொடாது. எங்கள் குழுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டாரும் மீண்டும் வேண்டும் என்பவற்றில் இரண்டையும் வேண்டாம் என்பவற்றில் ஒன்றையும் சொல்வோம். எல்லாரும் சொல்வதால் எவருக்கும் உறுத்துவதில்லை. வாரத்தில் ஒரு நாள் பிடிக்காத உணவு வந்தால் பிள்ளைகள் சோற்றையும் தயிரையும் வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். அதற்காகக் குழுவை விட்டுவிட வேண்டியதில்லை.

கேள்வி: பாத்திரங்கள் திரும்பி வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

ஒரே அளவு, ஒரே வடிவம், பத்து பன்னிரண்டு டப்பாக்கள் பொதுவில் வாங்கிவிடுங்கள். எவருடையது என்ற கேள்வியே எழாது. கண்ணாடி என்றால் கறை பிடிக்காது, நுண்ணலை அடுப்பிலும் வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததைச் சட்டென்று கொதிசூட்டில் மட்டும் வைக்காதீர்கள், விரிசல் விடும். காலி டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அடுத்த முறைக்காரர் வாசலில் முதல் நாளே வைத்துவிட வேண்டும். மூடியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்களிடம் இப்போது பன்னிரண்டு டப்பாவும் ஒன்பது மூடியும் இருக்கின்றன.